உடல் எடையும் மூச்சு முகமூடியும்

நாம் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை மூச்சு விடுகிறோம். ஒரு மணி நேரத்திற்கு 900 முறை. ஒரு நாளைக்கு 21,600 முறை. நம் சித்தர்கள் சொல்லி வைத்த கணக்கும் இதே 21,600தான். இத்தனை முறை நடைபெறும் ஒரு காரியத்தை நாம் வேலை என்றே எண்ணுவதில்லை. உறங்கும்போதும், பாடம் படிக்கும்போதும், பந்து விளையாடும்போதும் அது தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால், மூச்சு விடுவதும் ஒரு வேலைதான். அதைச் செய்யத் தசைகள் வேண்டும். அந்தத் தசைகளுக்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதாவது, ஆக்சிஜனைச் சம்பாதிப்பதற்கே கொஞ்சம் ஆக்சிஜனைச் செலவிட வேண்டியிருக்கிறது! உடல் நலமாக இருக்கும்போது இந்தச் செலவு மிகச் சிறியது. கடும் நோயில் படுத்துவிட்டால் இதுவே பெருஞ்சுமையாகிவிடும். அதிலும், உடல் எடை மிகுந்தவர் ஒருவர் நோயுற்றால் என்ன ஆகும்?

மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவர்கள் நாள்தோறும் சந்திக்கும் கேள்வி இது. இதில் ஒரு புதிரும் அடங்கியிருக்கிறது. மூச்சுக்கு உதவும் கருவியை அமைக்கும் மருத்துவர், ஒரு முடிவை எடுக்க நோயாளியின் உடல் பருமனைக் கவனிக்கிறார். மற்றொரு முடிவை எடுக்கும்போதோ, தராசு காட்டும் எடையை ஒதுக்கிவிட்டு உயரத்தை அளக்கிறார். ஏன் இப்படி? வாருங்கள், படிப்படியாகப் பார்ப்போம்.

நெஞ்சுக்குள் ஒரு துருத்தி

கொல்லன் பட்டறையில் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். அதை விரித்தால் காற்று உள்ளே வரும். அமுக்கினால் வெளியே போகும். நம் நெஞ்சுக்கூடும் ஒரு துருத்திதான். அதன் அடித்தட்டாக அமைந்திருப்பது உதரவிதானம் என்னும் தசை. குடை போல மேல்நோக்கி வளைந்திருக்கும் இத்தசை, சுருங்கும்போது கீழே இறங்குகிறது. வயிற்றில் உள்ள உறுப்புகள் சற்றுக் கீழே தள்ளப்படுகின்றன. நெஞ்சுக்கூட்டில் இடம் பெருகுகிறது. காற்று உள்ளே பாய்கிறது. தசை தளர்ந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப, காற்று வெளியேறுகிறது.

ஒவ்வொரு மூச்சிலும் வளர்ந்த ஒருவர் இழுக்கும் காற்று ஏறத்தாழ அரை லிட்டர். ஆனால், மூச்சை வெளியே விட்டு முடித்த பிறகும் நுரையீரல் காலியாகிவிடுவதில்லை. நிற்கும் நிலையில் சுமார் 2½ லிட்டர் காற்று உள்ளேயே தங்கியிருக்கிறது. இதை 'இருப்புக் காற்று' என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இருப்பு எதற்கு? இரண்டு காரணங்கள் உண்டு. நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. இவற்றின் மெல்லிய சுவர்கள் வழியேதான் ஆக்சிஜன் இரத்தத்தில் சேருகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. இருப்புக் காற்று இந்த அறைகள் மூடிக்கொள்ளாமல் தாங்கி நிற்கிறது. இது முதற் காரணம். மூச்சு சற்று நேரம் நின்றுபோனாலும், இரத்தம் இந்த இருப்பிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளலாம். இது இரண்டாவது காரணம்.

காற்றறை மூடிக்கொண்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறீர்களா? ஒரு பலூனை ஊதிப் பாருங்கள். முதல் ஊதல்தான் மிகக் கடினம். கொஞ்சம் விரிந்துவிட்டால் பிறகு எளிதாக ஊதலாம். காற்றறைகளும் இப்படித்தான். முழுக்கச் சுருங்கிய அறையைத் திறக்க மிகுந்த முயற்சி வேண்டும். பாதி விரிந்து நிற்கும் அறையை மேலும் விரிப்பது எளிது.

எடை கூடும்போது

இப்போது உடல் மிகப் பருத்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய நெஞ்சின் மேலும் விலாவின் மேலும் கொழுப்பு ஒரு கனத்த சட்டை போலப் போர்த்தியிருக்கிறது. வயிற்றின் உள்ளே உள்ள கொழுப்பு உதரவிதானத்தைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. துருத்தியின் மேல் ஒரு கல்லை வைத்தது போல ஆகிவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கல்லை நகர்த்தியாக வேண்டும்.

இருப்புக் காற்றும் குறைந்துவிடுகிறது. நிற்கும்போதே இப்படி என்றால், மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் முழுவதும் நெஞ்சின் பக்கம் சாய்கிறது. நுரையீரலின் அடிப்பகுதியிலும் முதுகுப் பக்கத்திலும் உள்ள காற்றறைகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. அந்தப் பகுதிகளுக்குப் போகும் இரத்தம் ஆக்சிஜன் பெறாமலே திரும்பி வருகிறது. கடை மூடியிருக்கிறது, வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புகிறார்!

இதன் விலை எவ்வளவு என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அறுவைச் சிகிச்சைக்கு வந்திருந்த மிகப் பருமனான நோயாளிகளின் ஆக்சிஜன் செலவு இரண்டு முறை கணக்கிடப்பட்டது: அவர்கள் தாமே மூச்சு விட்டபோது ஒரு முறை, கருவி அவர்களுக்காக மூச்சு விட்டபோது மறுமுறை. கருவி அந்த வேலையை ஏற்றுக்கொண்டதும் அவர்களுடைய ஆக்சிஜன் செலவு 16 விழுக்காடு குறைந்தது. சாதாரண எடை உள்ளவர்களிடம் இந்தக் குறைவு 1 விழுக்காட்டிற்கும் கீழே. அதாவது, அந்தப் பருமனான நோயாளிகளின் உடல், தான் பெற்ற ஆக்சிஜனில் ஆறில் ஒரு பங்கை மூச்சு விடுவதற்கே செலவிட்டிருக்கிறது. நிமோனியா போன்ற ஒரு நோயும் வந்து சேர்ந்தால் கைமுதல் எவ்வளவு மிஞ்சும்?

ஒருவர் பருமனானவரா என்பதை மருத்துவர்கள் 'உடல் நிறை எண்' கொண்டு கூறுகிறார்கள். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். பெல்ஜியம் நாட்டு அறிஞர் கெட்டலே 19-ஆம் நூற்றாண்டில் கண்ட கணக்கு இது. 1972-இல் அமெரிக்க அறிவியலார் ஏன்சல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். வளர்ந்தவர்களுக்கு இந்த எண் 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் மிகை எடை என்றும், 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடற்பருமன் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது.

ஒரு டம்ளர் நீரில் ஒரு சோதனை

மூடிக்கொள்ளும் காற்றறைகளைத் திறந்து வைப்பது எப்படி? இதை விளக்க ஓர் எளிய சோதனை செய்வோம்.

உயரமான கண்ணாடி டம்ளர் ஒன்றில் நீர் நிரப்புங்கள். ஓர் உறிஞ்சு குழலில் அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் அளந்து, பேனாவால் கோடு போடுங்கள். அந்தக் கோடு நீர்மட்டத்தில் நிற்குமாறு குழலை அமிழ்த்துங்கள். மூக்கால் மூச்சை இழுத்து, குழல் வழியே மெதுவாக வெளியே விடுங்கள். குமிழிகள் மெல்ல வந்தால் போதும். நான்கைந்து முறைக்கு மேல் வேண்டாம். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். இளைப்பு நோய் உள்ளவர்கள் பிறர் செய்வதைப் பார்த்தாலே போதும்.

என்ன உணர்ந்தீர்கள்? ஏதோ ஒன்று உங்கள் மூச்சை எதிர்த்து நிற்பது போல இருந்ததல்லவா? கன்னங்கள் சற்றே உப்பியிருக்கும். குமிழி வரும் அந்தக் கணத்தில் உங்கள் வாயில் உள்ள காற்றழுத்தம், வெளியே உள்ளதைவிட 10 சென்டிமீட்டர் நீர்த்தம்பத்தின் அளவு கூடுதலாக இருக்கிறது. அந்த அழுத்தம் மூச்சுக்குழாய் வழியே நுரையீரல் வரை எட்டுகிறது. மருத்துவர்கள் மூச்சுக் கருவியின் அழுத்தத்தை அளப்பதும் இதே 'சென்டிமீட்டர் நீர்' என்னும் அலகினால்தான்.

வளிமண்டல அழுத்தம் 1,000 சென்டிமீட்டர் நீருக்குச் சற்றே மேல். 10 சென்டிமீட்டர் என்பது அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய அழுத்தம் உயிரைக் காக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு உதவும் எளிய கருவி ஒன்று, நீங்கள் செய்த சோதனையின் தத்துவத்திலேயே இயங்குகிறது. குழந்தையின் மூக்கோடு இணைந்த குழாயின் மறுமுனை நீரில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்ந்திருக்கும். நீரின் ஆழமே குழந்தையின் பிஞ்சுக் காற்றறைகள் மூடாமல் தாங்குகிறது.

இரும்புப் பெட்டியிலிருந்து முகமூடி வரை

மூச்சுக்கு உதவும் கருவிகளின் கதை சுவையானது. 1928-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டிரிங்கர், ஷா என்னும் இருவர் அமைத்த 'இரும்பு நுரையீரல்' முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. நோயாளியின் கழுத்துக்குக் கீழே உள்ள உடல் முழுவதும் ஓர் உலோகப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியில் உள்ள காற்றை உறிஞ்சினால் நெஞ்சு விரியும், விட்டால் சுருங்கும். இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் பலர் இதனால் பிழைத்தனர்.

1952-இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பெருவாரியாகப் பரவியது. இருந்த பெட்டிகள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் சிறு துளையிட்டுக் குழாய் செருகி, ஒரு இரப்பர்ப் பையை அமுக்கி நேராக நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் அந்தப் பைகளைக் கையால் அமுக்கினார்கள்! மூச்சுத் தசைகள் பாதிக்கப்பட்டோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதிலிருந்தே பிறந்தன எனலாம்.

அன்று முதல் குழாயே அரசனாயிற்று. ஆனால், குழாய்க்கும் குறைகள் உண்டு. அது தொண்டையில் இருக்கும்போது நோயாளியால் பேச முடியாது. அதைப் பொறுத்துக்கொள்ள மயக்க மருந்து வேண்டும். நாள் செல்லச் செல்ல மூச்சுத் தசைகள் தளரும். குழாயை ஒட்டி நுரையீரலில் கிருமித் தொற்றும் வரலாம்.

குழாய் இல்லாமல், மூக்கையும் வாயையும் மூடும் ஒரு முகமூடி வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தினால் என்ன? 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் நோயாளிகளுக்கு மூக்கின் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தினார். தொண்டை அடைபடாமல் விரிந்து நின்றது. நோயாளிகள் நிம்மதியாக உறங்கினார்கள். 1995-இல் ஐரோப்பிய மருத்துவர்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றிய 85 பேரிடம் முகமூடியைச் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற 42 பேரில் 31 பேருக்குத் தொண்டைக் குழாய் தேவைப்பட்டது. முகமூடியும் அணிந்த 43 பேரில் 11 பேருக்கே அது தேவைப்பட்டது.

உடலைத் துளைக்காமல், தொண்டைக்குள் எதையும் செருகாமல் தரப்படும் இந்த உதவியைத் 'துளையிடா மூச்சுத் துணை' என்று சொல்லலாம். இதில் பெரும்பாலும் இரண்டு அழுத்தங்கள் உண்டு. நோயாளி மூச்சை வெளியே விடும்போது ஒரு குறைந்த அழுத்தம், 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றறைகள் மூடாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. மூச்சை இழுக்கும்போது ஓர் உயர்ந்த அழுத்தம், 14 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். களைத்த தசைக்குக் கை கொடுப்பது இதன் வேலை. ஏற்றத்தில் மிதிவண்டியை நீங்கள் மிதிக்கும்போது நண்பர் ஒருவர் பின்னாலிருந்து தள்ளுவது போல.

பருமனான நோயாளியின் வயிற்றுப் பாரம் காற்றறைகளை மிகுதியாக நசுக்குகிறது அல்லவா? எனவே, அவற்றைத் தாங்க அந்தக் குறைந்த அழுத்தத்தை 8, 10 எனச் சற்று உயர்த்த வேண்டி வரும். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவரைச் சாய்வாக அமர வைப்பதும் பெரிதும் உதவும். நம் புதிரின் முதற்பாதி இங்கே விடுபடுகிறது. எவ்வளவு அழுத்தம் என்னும் கேள்விக்கு உடலின் பருமனைக் கவனித்தாக வேண்டும்.

குழாயை எடுத்த பின்பு

ஒரு நோயாளி தேறி வருகிறார். தொண்டைக் குழாயை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் முடிவு செய்கிறார். மகிழ்ச்சியான நேரம்தான், ஆபத்தான நேரமும் அதுவே. சிலருக்குச் சில மணி அல்லது சில நாட்களுக்குள் மீண்டும் மூச்சுத் திணறி, மறுபடியும் குழாய் செருக வேண்டியதாகிவிடும். அப்படி ஆகாமல் தடுப்பது எப்படி?

பிரான்சு நாட்டில் 30 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், இந்த ஆபத்து மிகுந்த 641 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. குழாயை எடுத்ததும் ஒரு பாதியினருக்கு மூக்கின் வழியே வேகமாகப் பாயும் ஆக்சிஜன் மட்டும் தரப்பட்டது. மறுபாதியினருக்கு அதனோடு, இடையிடையே முகமூடித் துணையும் தரப்பட்டது. முடிவு 2019-இல் வெளிவந்தது. ஏழு நாட்களுக்குள் மீண்டும் குழாய் தேவைப்பட்டவர்கள் முதற் குழுவில் 18.2 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 11.8 விழுக்காடு.

இத்துடன் அவர்கள் நிற்கவில்லை. அதே கணக்குகளை நோயாளிகளின் எடைப்படி பிரித்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான அந்தப் பின்னாய்வு ஒரு வியப்பைத் தந்தது. மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்களிடம் மீண்டும் குழாய் தேவைப்பட்ட விகிதம் 20-லிருந்து 7 விழுக்காடாக இறங்கியிருந்தது. சாதாரண எடையோ குறைந்த எடையோ உள்ளவர்களிடம் அந்தப் பயன் தென்படவில்லை! சராசரி என்பது எவ்வளவு செய்திகளை மறைத்து வைத்திருக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால், அறிவியலில் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ஆய்வு முடிந்த பிறகு கணக்கைப் பல விதமாகப் பிரித்துப் பார்த்தால், தற்செயலாகவும் ஏதாவது வேறுபாடு தோன்றக்கூடும். ஆகவே, பருமனானவர்களை மட்டுமே சேர்த்து முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும் சோதனைக்கு மதிப்பு அதிகம். அப்படிப்பட்ட சோதனை ஒன்றும் பிரான்சில் நடந்தது. உடல் நிறை எண் 30-க்குக் குறையாத 981 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். 2023-இல் முடிவு வெளியாயிற்று. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.5 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தோல்வியுற்றது. முகமூடித் துணை பெற்றவர்களில் அது 13.5 விழுக்காடு, ஏறத்தாழப் பாதி.

'தோல்வி' என்றதும் இறப்பு என்று எண்ணிவிடாதீர்கள். மீண்டும் குழாய் செருகியது, ஒரு சிகிச்சையிலிருந்து மற்றதற்கு மாற்றியது, சிகிச்சையை இடையில் நிறுத்தியது ஆகிய மூன்றும் அங்கே தோல்வியில் அடங்கும். ஒரு விழுக்காட்டைப் படிக்கும்போது எதை எண்ணினார்கள் என்பதையும் கேட்டுப் பழகுங்கள்.

குழாயைச் செருகும் முன்பும் முகமூடி உதவுகிறது. குழாயைச் செருகுவதற்காக மயக்க மருந்து தந்ததும் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். குழாய் உள்ளே போகும் வரை அவர் இருப்புக் காற்றை நம்பியே இருக்கிறார். பருமனானவரிடம் அந்த இருப்பு சிறியது, செலவோ பெரியது. அவருடைய இரத்தத்தில் ஆக்சிஜன் விரைவாகச் சரிந்துவிடும். 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எல்லா எடையினருமாக 1,301 நோயாளிகள் பங்கு பெற்றனர். சாதாரண ஆக்சிஜன் முகமூடியுடன் தயார் செய்யப்பட்டவர்களில் 18.5 விழுக்காட்டினருக்கு இரத்த ஆக்சிஜன் செறிவு 85 விழுக்காட்டிற்கும் கீழே சரிந்தது. அழுத்த முகமூடியுடன் தயார் செய்யப்பட்டவர்களில் 9.1 விழுக்காட்டினருக்கே அப்படி ஆயிற்று.

ஆக்சிஜன் மட்டும் போதாதா?

"அழுத்தம் எதற்கு? ஆக்சிஜனைக் கூடுதலாகக் கொடுத்தால் ஆகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மூச்சுக்கு இரண்டு கடமைகள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆக்சிஜனைக் கொண்டுவருவது ஒன்று. கரியமில வாயுவை வெளியேற்றுவது மற்றொன்று. குப்பை அள்ளப்படாத வீட்டிற்குள் எவ்வளவு மளிகையைக் கொண்டுவந்து அடுக்கினாலும் குப்பை குறையாது!

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் நாவலில் ஜோ என்று ஒரு பருத்த பையன் வருகிறான். எந்த வேலைக்கு நடுவிலும் தூங்கி விழுவான். வாசகர்கள் சிரித்து மகிழ்ந்த பாத்திரம் அது. 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள், மிகப் பருமனாகவும் பகலிலேயே தூங்கி வழிபவராகவும் இருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது, அந்நிலைக்குப் பிக்விக் என்னும் பெயரையே சூட்டினார்கள். அந்நோயாளியின் மூச்சு போதிய ஆழமின்றி இருந்தது; இரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்துவிட்டிருந்தது. அந்த வாயு மிகுந்தால் தூக்கக் கலக்கம் வரும். மேலும் மிகுந்தால் நினைவிழப்பு வரும்.

இத்தகையவருக்கு ஆக்சிஜனை அளவின்றிக் கொடுத்தால், கரியமில வாயு இன்னும் கூடிவிடும் ஆபத்தும் உண்டு. அவருக்கு வேண்டியது ஆழமான மூச்சு. அதைத்தான் முகமூடியின் உயர்ந்த அழுத்தம் தருகிறது. டிக்கன்ஸின் வாசகர்கள் சோம்பல் என்று சிரித்த ஒன்று நோயாக இருக்கக்கூடும் என்பதை அறியவே நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வகுப்பில் பருத்த தோழர் எவரையாவது கேலி செய்ய நா எழுந்தால், இதைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை அளப்பது ஏன்?

இனிப் புதிரின் மறுபாதி. ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று செலுத்துவது? எடை கூடினால் காற்றையும் கூட்ட வேண்டுமா?

கூடாது. ஏனெனில், ஒருவர் பருத்தால் அவருடைய நுரையீரல் பருப்பதில்லை! 60 கிலோ எடையுள்ள ஒருவர் 120 கிலோவாக மாறினாலும், அவருக்குள் இருப்பது பழைய நுரையீரலே. சட்டையின் அளவு மாறும். நுரையீரலின் அளவு மாறாது. நுரையீரலின் பருமன் பெரும்பாலும் உயரத்தையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. ஆகவே, உயரத்திலிருந்து ஒரு 'கணிப்பு எடை'யைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆண்களுக்கு அதன் வாய்பாடு இதோ:

கணிப்பு எடை = 50 + 0.91 × (உயரம் − 152.4)

உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். விடை கிலோகிராமில் வரும். பெண்களுக்கு 50-க்குப் பதிலாக 45.5 என்று கொள்ள வேண்டும். வளர்ந்தவர்களுக்கு மட்டுமே உரிய வாய்பாடு இது.

170 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு ஆண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் எடை 66 கிலோ. மற்றவர் எடை 132 கிலோ. வாய்பாட்டின்படி இருவருக்கும் கணிப்பு எடை ஒன்றே: 50 + 0.91 × 17.6, அதாவது 66 கிலோ. காயமுற்ற நுரையீரலுக்குக் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் வீதம் காற்று தருவது வழக்கம். அப்படியானால் இருவருக்கும் வேண்டியது மூச்சுக்கு 396 மில்லிலிட்டர். தராசின் எண்ணை நம்பி இரண்டாமவருக்குக் கணக்கிட்டால் 792 மில்லிலிட்டர் வரும். சரியாக இரண்டு மடங்கு! நுண்ணிய காற்றறைகள் அளவுக்கு மீறி இழுபட்டுச் சேதமடையும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டுக் குழாய்வழி மூச்சுத் துணை பெற்ற 861 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. கணிப்பு எடைக்குக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர் இறந்தனர். காற்றின் அளவைக் குறைத்ததே நூற்றில் எட்டொன்பது பேரைக் காப்பாற்றியிருக்கிறது. முகமூடி வழியே உதவும்போதும் ஒரு மூச்சில் போகும் காற்று போதுமா, மிகையா என்பதை இந்தக் கணிப்பு எடையை வைத்தே மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

ஆக, புதிர் முழுவதும் விடுபட்டது. காற்றறைகளைத் திறந்து வைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை உடலின் பாரம் தீர்மானிக்கிறது. எவ்வளவு காற்று வேண்டும் என்பதை உயரம் தீர்மானிக்கிறது. இரண்டையும் குழப்பிவிட்டால், பருமனான நோயாளிக்கு அழுத்தம் போதாமலும் காற்று மிகையாகவும் போய்விடும்.

முகமூடியின் எல்லைகள்

முகமூடி எல்லாருக்கும் ஏற்றதன்று. நோயாளி விழிப்புடன் இருந்து ஒத்துழைக்க வேண்டும். வாந்தி எடுப்பவருக்கு ஆபத்து. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று கசியும். இறுக்கிக் கட்டினால் மூக்குத்தண்டில் புண் உண்டாகும். முகமூடியால் நிலைமை தேறவில்லை என்று தெரிந்த பிறகும் காலம் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் செவிலியரும் மருத்துவரும் அருகிலேயே இருந்து, மூச்சின் வேகத்தையும் இரத்தத்தில் உள்ள வாயுக்களின் அளவையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மெலிந்தவர்களுக்கும் தொல்லை இல்லாமலில்லை. போதிய உணவின்றி உடல் நலிந்தால் மூச்சுத் தசைகளும் நலிந்துவிடும். பருமனானவரின் துருத்தி மேல் கல் இருக்கிறது என்றால், மிக மெலிந்தவரின் துருத்தியை இயக்கும் கையே சோர்ந்திருக்கிறது. இருவருக்கும் மூச்சுத் திணறல்தான். ஆனால் காரணம் வேறு, சிகிச்சையும் வேறு.

உடல் நிறை எண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது வயிற்றில் சேர்ந்திருக்கிறதா இடுப்பில் சேர்ந்திருக்கிறதா என்பவற்றை அந்த ஓர் எண்ணால் காட்ட முடியாது. மருத்துவர் எண்ணைப் பார்ப்பதோடு நோயாளியையும் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் உள்ள பெரியவர்களின் உயரத்தை அளந்து, மேலே சொன்ன வாய்பாட்டின்படி அவர்களுடைய கணிப்பு எடையைக் கண்டுபிடியுங்கள். அதை 6-ஆல் பெருக்கி, எத்தனை மில்லிலிட்டர் என்று பாருங்கள். பிறகு அந்த அளவு நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி அவர்களிடம் காட்டுங்கள். நோயுற்ற நுரையீரலுக்கு ஒரு மூச்சில் வேண்டிய காற்று அவ்வளவுதான். பெரிய டம்ளர் ஒன்றில் அடங்கிவிடும் அந்தக் காற்றைச் சரியான அளவில், சரியான அழுத்தத்தில் சேர்ப்பதற்கே இத்தனை ஆய்வும் இத்தனை உழைப்பும்!